இறுக்கிப் பின்னிய கம்பளிச் செருப்பு

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இன்னாசியம்மாளின் குரோஷாப் பின்னலைக் குறை சொல்ல ஒரு ஆள் கிடையாது. கோயில் பீடத்துக்கு விரிக்கும் வெள்ளை லேஸ் முழுக்க அவள் கைவேலைதான். கண்ணிக்குக் கண்ணி அப்படி ஒரு இறுக்கம். "இதுல தண்ணி ஊத்தினாலும் ஒழுகாது போலருக்கே" என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேலி பேசினார். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அப்பேர்ப்பட்டவள், அறுபதை நெருங்குகிற வயதில், தன்னைவிட இருபது வயது சின்னவளிடம் மாணவியாகப் போய் நின்றாள். வேறு வழி இல்லாமல்தான்.

சின்னவளின் பெயர் பவளக்கொடி. ஏரிக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் கம்பளிச் செருப்பு செய்பவள். உல்லன் நூலில் ரொம்பப் பெரிதாகச் செருப்பைப் பின்னுவாள். பிறகு வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கு கசக்கென்று கசக்குவாள். இழை இழையோடு சிக்கிக்கொண்டு, மொத்தமும் சுருங்கி, பின்னின தடமே தெரியாமல் தடித்த துணியாகிவிடும். ஃபெல்ட் என்று அதற்குப் பெயர். மார்கழிக் குளிரிலும் உள்ளே கால் கதகதப்பாக இருக்கும். நாலைந்து பெண்களுக்கு அவள் இதைச் சொல்லிக் கொடுத்ததால் டீச்சர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சொல்லிக் கொடுத்தாள் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். அந்த அம்மா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

இன்னாசியம்மாள் ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். இரண்டு ஜோடிச் செருப்பு விழுந்தது. ஒரு ஜோடி முறம் மாதிரி அகலம். இன்னொன்று பொம்மைக்குப் போடலாம்.

"நானாத்தான் பண்ணிப் பார்த்தேன் டீச்சர். ஒண்ணு சுருங்கவே மாட்டேங்குது. ஒண்ணு சுருங்கிச் சுண்டைக்காயாப் போச்சு."

பவளக்கொடி பெரிய செருப்பிலிருந்து ஒரு நூலை இழுத்தாள். தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் காட்டினாள். நூல் உருகி, கறுப்பு மணியாகத் திரண்டது. பிறகு தன் கூடையிலிருந்து ஒரு நூலை எடுத்துப் பற்ற வைத்தாள். அது பொசுங்கியது. முடி கருகுகிற நாற்றம் அடித்தது.

"உங்களோடது பிளாஸ்டிக்கு. ஆட்டு மேல வளர்ந்ததுதான் சுருங்கும்."

"கடைக்காரன் உல்லன்னுதானே குடுத்தான்!"

"அவன் அப்படித்தான் சொல்லுவான். இந்தக் குட்டிச் செருப்பு நல்ல கம்பளிதான். இதை எதுல போட்டீங்க?"

"பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்ல. சுடுதண்ணி ஊத்தி."

"நடுவுல நிறுத்தி எடுத்துப் பார்த்தீங்களா?"

"ஜெபமாலை சொல்லிக்கிட்டு இருந்தேனே. பாதியில எப்படி எந்திரிக்கிறது?"

பவளக்கொடி சிரிக்கவில்லை. அந்தக் குட்டிச் செருப்பை ஆணியில் மாட்டினாள். அங்கே அதைப் போலவே நாலைந்து தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் பவளக்கொடி தானே சுருக்கிக் கெடுத்தவை.

"டீச்சர், ஏமாறாம இருக்க ஒரு வழி சொல்லுங்க. எனக்கு ஒரே ஒரு ஜோடி போதும். அது சரியா வரணும். வந்தே ஆகணும்."

"அப்படி ஒரு வழி இருந்தா எனக்கும் சொல்லுங்கக்கா" என்றாள் பவளக்கொடி. "இப்ப அடுப்பைப் பத்த வைங்க. தண்ணி சுடட்டும்."

அந்த ஒரே ஒரு ஜோடி யாருக்கு என்று இன்னாசியம்மாள் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம்.

அவளுக்கு ஒரே மகள், ஜெஸிந்தா. மூன்று வருஷத்துக்கு முன்னால் பூம்பாறைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். குழந்தைவேல் என்று பெயர். மலைப்பூண்டு விவசாயம். கோயிலில் வைக்காமல் பதிவு ஆபீசில் முடித்துக்கொண்டார்கள். அம்மாக்காரி ஒரே வார்த்தையில் முடித்தாள்: "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே." அப்படியும் முதல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் கேக்கோடு வந்து வாசலில் நின்றார்கள். தட்டினார்கள். உள்ளே இன்னாசியம்மாள் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல பனி. வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்கள். கேக் மட்டும் படியில் இருந்தது.

பூம்பாறை என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை அவளால் மூன்று வருஷமாகத் தாண்ட முடியவில்லை.

போன மாதம் ஞாயிற்றுச் சந்தையில் பூண்டு விற்கிற ஒருத்தி விஷயத்தைச் சொன்னாள். "உன் மக முழுகாம இருக்குல்ல, ஏழு மாசம். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. எந்தச் செருப்பும் நுழையல. சிமெண்டுத் தரையில வெறுங்காலோட நடக்குது பாவம்."

அன்றைக்கு இன்னாசியம்மாள் காய்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்தாள். பரண்மேல் ஏறி ஜெஸிந்தா காலேஜுக்குப் போட்டுப் போன பழைய செருப்பைத் தேடி எடுத்தாள். மண்ணைத் துடைத்தாள். இந்த அளவுக்கு ஒரு கம்பளிச் செருப்பு செய்து, பூம்பாறை வண்டிக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பேச வேண்டாம், போக வேண்டாம், கெஞ்ச வேண்டாம். செருப்பு போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் கச்சிதமாக இருக்க வேண்டும். தொளதொளவென்றோ இறுக்கமாகவோ போய்விட்டால், 'என் கால் அளவுகூட எங்கம்மாவுக்கு மறந்துபோச்சு' என்று அவள் நினைத்துவிடுவாள். 

கொட்டகையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வந்தவளிடம் பவளக்கொடி நல்ல கம்பளி நூலும், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குரோஷா ஊசியும் கொடுத்தாள்.

"உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னுங்க. தொளதொளன்னு."

"துண்டு எதுக்கு டீச்சர்? நேரா செருப்பே பின்னிடறேனே. நூல் வீணாத்தானே போகும்."

"போகட்டும்."

இன்னாசியம்மாள் பின்னினாள். ஊசி என்னவோ பெரிசுதான். கை கேட்டால்தானே? பழக்கதோஷத்தில் ஒவ்வொரு கண்ணியையும் சுண்டி இழுத்துவிட்டது. பவளக்கொடி வாங்கி ஒரு தரம் பார்த்தாள். நுனியைப் பிடித்து இழுத்து மொத்தத்தையும் பிரித்துவிட்டாள்.

"தளர்த்திப் பின்னுங்கக்கா."

மறுபடி பின்னினாள். பவளக்கொடி மறுபடி பிரித்தாள். மூன்றாவது தரம் இன்னாசியம்மாளுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்துவிட்டது.

"நீங்க சொல்ற மாதிரி பின்னினா அது பின்னலா டீச்சர்? கொசுவலை! எங்க கோயில்ல வந்து கேட்டுப் பாருங்க, என் கையைப் பத்தி. நாப்பது வருஷமா ஒரு கண்ணி நெகிழ்ந்ததில்ல."

 இந்தத் தடவை பவளக்கொடி அந்தத் துண்டைப் பிரிக்கவில்லை. தானே ஒரு துண்டு பின்னினாள். விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பார்க்கவே சகிக்கவில்லை. இரண்டையும் ஒரே வெந்நீரில் போட்டாள். சோப்புக் கட்டியை இன்னாசியம்மாள் கையில் கொடுத்தாள்.

"ரெண்டையும் சேர்த்துக் கசக்குங்க."

கசக்கினாள். கை சிவக்கக் கசக்கினாள். தன் துண்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே சோப்புப் போட்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பவளக்கொடி பார்த்தும் பார்க்காத மாதிரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எடுத்தபோது கொசுவலை காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் மெத்தென்று ஒரு துணி இருந்தது. கண்ணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. இழுத்தால் பிரியவில்லை. இன்னாசியம்மாளின் துண்டோ போட்டபடியே இருந்தது. கண்ணி எல்லாம் எண்ணிப் பார்க்கலாம் போல வரிசையாக நின்றது. அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"ஏன் டீச்சர்? மெஷின்ல போட்டது சுருங்குச்சே?"

"அது மெஷின் அடிச்ச அடி. கைக்கு, இதுல இழைக்கு நகர எடம் இல்ல."

இன்னாசியம்மாள் அந்த விறைத்த துண்டின் கண்ணியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பிறகு தடி ஊசியை எடுத்தாள். ஒவ்வொரு கண்ணியிலும் கை சுண்டப் போகும்போது நிறுத்தி, மூச்சை விட்டு, நூலைப் போக விட்டாள். நாற்பது வருஷப் பழக்கம் லேசில் போகுமா? சாயங்காலத்துக்குள் தோள்பட்டை இரண்டும் கடுத்துப் போயின. இறுக்குவதைவிட இறுக்காமல் இருப்பதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

செருப்பு பின்னி முடிக்க அந்த வாரம் முழுக்க ஆயிற்று. அரக்கு நிறம், ஜெஸிந்தாவுக்குப் பிடித்தது. ஒவ்வொன்றும் பூனையைத் தூங்க வைக்கிற அளவுக்குப் பெரிசு. அவ்வளவு அவலட்சணமாக இன்னாசியம்மாள் தன் ஆயுசில் எதையும் பின்னியதில்லை. வழியில் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள்.

பவளக்கொடி பையைப் பிரித்துப் பார்த்தாள். விரலை நுழைத்துப் பார்த்தாள். "ம்" என்றாள். அவளிடம் அது பெரிய பட்டம்.

"ரெண்டையும் ஒண்ணாப் போடுங்க. ஒண்ணை இன்னைக்கும் ஒண்ணை நாளைக்கும் போட்டா ரெண்டும் ரெண்டு மாதிரி வரும்."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அண்டாவில் ஆவி பறந்தது. இன்னாசியம்மாள் கசக்கினாள். கொஞ்ச நேரம் போனதும் பவளக்கொடி, "எடுங்க, பாருங்க" என்றாள். எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டாள். "எடுங்க, பாருங்க." செருப்பு இன்னும் பெரிசாகிவிட்ட மாதிரி நெகிழ்ந்து தொங்கியது. இன்னாசியம்மாளுக்குத் திக்கென்றது.

"ஐயோ, போச்சு!"

"அப்படித்தான் இருக்கும். போடுங்க."

மறுபடி, மறுபடி. ஒரு கட்டத்தில் கைக்குள் ஏதோ மாறியது. வழுக்கிக்கொண்டிருந்த கம்பளி பிடி கொடுக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள். குதிகால் பக்கம் கண்ணி மறைந்திருந்தது. அதற்கப்புறம் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளே எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஜெபமாலை பைக்குள் கிடந்தது.

"போதும்" என்றாள் பவளக்கொடி.

இன்னாசியம்மாள் பையிலிருந்து பழைய செருப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கம்பளிச் செருப்பு ஒரு விரல்கடை பெரிசாக இருந்தது. அகலமும் கூட.

"இல்ல டீச்சர். இன்னும் கொஞ்சம் சுருங்கணும்."

"அது யாருது?"

"சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு..." என்று இழுத்தவள், பவளக்கொடியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என் மகளோடது."

"எப்ப போட்டது?"

"காலேஜ் போறப்ப. அளவு எனக்கு நல்லாத் தெரியும் டீச்சர். நான்தானே வாங்கிக் குடுத்தேன். அவ கால் எனக்குத் தெரியாதா?"

"இப்ப அந்தக் கால் எப்படி இருக்கு?"

"மாசமா இருக்கா. வீங்கியிருக்காம்."

"இருக்காமா?"

இன்னாசியம்மாள் அண்டாவைப் பார்த்தாள். நுரை அடங்கிக்கொண்டிருந்தது.

"நான் பார்க்கல. சந்தையில சொன்னாங்க. பூம்பாறையில இருக்கா. கட்டிக்கிட்டுப் போனா. நான் போறதில்ல, அவளும் வர்றதில்ல." கையில் இருந்த நுரையை வழித்துவிட்டாள். "ஒருவாட்டி வந்தா. நான் கதவைத் திறக்கல."

 பவளக்கொடி செருப்பு இரண்டையும் பச்சைத் தண்ணீரில் அலசினாள். முறுக்கிப் பிழியாமல், பழைய துண்டுக்குள் சுருட்டி முழங்காலை வைத்து அழுத்தினாள். தண்ணீர் வடிந்தது. அலமாரியில் மரத்தில் செய்த கால் அச்சுகள் வரிசையாக இருந்தன. ஈரச் செருப்புக்குள் அச்சைத் திணித்துக் காய வைத்தால், அந்த அச்சின் வடிவத்துக்கே செருப்பு நின்றுவிடும். எல்லாச் செருப்புக்கும் அவள் அப்படித்தான் செய்வாள். இன்னாசியம்மாள் எழுந்துபோய் அச்சு ஒவ்வொன்றையும் பழைய செருப்போடு வைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"இது சரியா இருக்கும் போலருக்கு டீச்சர்."

பவளக்கொடி அந்த அச்சை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தாள். ஈரச் செருப்புகளை ஈரத் துணியில் சுற்றினாள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிந்து, இன்னாசியம்மாள் கையில் கொடுத்தாள்.

"அச்சு போடலையா டீச்சர்?"

"அச்சு இங்க இல்லக்கா. பூம்பாறையில இருக்கு."

இன்னாசியம்மாள் பையைப் பிடித்தபடி நின்றாள். அது சில்லென்று கனத்தது.

"காஞ்சிட்டா அப்புறம் மாத்த முடியாது. ஈரமா இருக்கறப்பவே அந்தக் கால்ல மாட்டணும். எங்க பிடிக்குதுன்னு கேட்டுக் கேட்டு, உங்க கையால இழுத்து விடணும். புறங்கால்ல இப்படி. குதிகால்ல இப்படி. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும்."

"கண்டக்டர்கிட்ட குடுத்து, நீங்க சொன்னதை அவகிட்ட சொல்லச் சொன்னா?"

"வயித்துல புள்ளையோட அவங்க எப்படிக் குனிவாங்க?"

 தகரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. மத்தியானப் பூம்பாறை வண்டி புறப்பட இன்னும் நேரம் இருந்தது. அது இன்னாசியம்மாளுக்கும் தெரியும். மூன்று வருஷமாக அந்த வண்டி புறப்படுகிற நேரமெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நான் பண்ணினதையே அவளும் பண்ணிட்டா? தட்டித் தட்டிப் பார்த்தும் கதவைத் திறக்கலேன்னா? இவ்வளவு கஷ்டப்பட்டுப் போய் ஏமாந்து நின்னா?"

பவளக்கொடி மூலையில் கிடந்த குடையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இந்த மழைக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஈரம் காயாதுக்கா. அதுவரைக்கும் வாசல்லயே உக்காருங்க."